இந்தியாவுக்கு இரு ஆசியத் தங்கம் வென்று தந்த பள்ளி ஆசிரியர்: கால்பந்துப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் வாழ்க்கை

ஹைதராபாத்: ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் வரலாற்றில் இந்தியக் கால்பந்து அணி இரண்டு முறை மட்டுமே தங்கப்பதக்கம் வென்றுள்ளது. முதலாவது 1951-ஆம் ஆண்டு புதுதில்லியில். இரண்டாவது 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில். இவ்விரு வெற்றிகளுக்கும் இடையே, மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் என்னும் சாதனையும் உண்டு. மூன்றுக்கும் பொதுவாக நிற்கும் ஒரே பெயர் சையத் அப்துல் ரஹீம். ரஹீம் சாகிப் என்று வீரர்களால் அழைக்கப்பட்ட அவர், தொழிலால் பள்ளி ஆசிரியர்.

1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்த ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அதன் கால்பந்து அணியில் ஆடினார். பின்னர் நகரின் உள்ளூர் சங்கங்களுக்காகவும் களமிறங்கினார். பட்டம் பெற்றபின் ஆசிரியப் பணியில் சேர்ந்து, நகரின் பல பள்ளிகளில் பாடம் நடத்தினார். உடற்கல்வியில் பட்டயமும் பெற்றார். ஆட்டக்காரராக அவர் நாடறிந்த பெயராக விளங்கியவர் அல்லர். அவருடைய புகழ் முழுவதும் களத்துக்கு வெளியே நின்று ஈட்டியதே. வகுப்பறையில் பழகிய பொறுமையும், ஒரே பாடத்தைச் சலிப்பின்றி மீண்டும் மீண்டும் கற்பிக்கும் இயல்பும் அவருக்குப் பிற்காலத்தில் பெருந்துணையாயின.

1940-களில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. இறக்கும் வரை அப்பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் இந்தியக் கால்பந்து என்றாலே கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றின் நிழலில்தான் மற்ற ஊர்கள் அனைத்தும் இருந்தன. அந்த நிலையை மாற்ற ரஹீம் தேர்ந்தெடுத்த வழி, இளம் வீரர்களுக்கு விசித்திரமான உள்ளூர்ப் போட்டிகளை நடத்துவது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிராளியை ஏய்த்து ஓடுவதற்குத் தடை விதித்த போட்டி ஒன்று. வலக்கால் பழக்கமுள்ளவர் இடக்காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற போட்டி மற்றொன்று. பார்த்தவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால், பந்தை வந்த வேகத்தில் ஒரே தொடுதலில் அடுத்தவருக்கு அனுப்பும் பழக்கமும், இரு கால்களையும் சமமாகப் பயன்படுத்தும் திறனும் ஹைதராபாத் வீரர்களுக்கு வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

1950-இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் தொடங்கிய துராந்த் கோப்பையை அவ்வாண்டே மோகன் பகானை வீழ்த்தி அந்த அணி வென்றது. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை கைப்பற்றியது. காவலர்கள் ஆடும் ஒரு மாநகர அணி, கல்கத்தாவின் பெருஞ்சங்கங்களை ஆண்டுதோறும் தோற்கடிப்பது அதுவரை எவரும் கற்பனை செய்யாத ஒன்று.

திருவனந்தபுரத்துக்கும் இக்கதையில் ஓர் இடமுண்டு. தேசிய சாம்பியன் பட்டமான சந்தோஷ் கோப்பையை ஹைதராபாத் முதன்முறையாக வென்றது, 1956-57 பருவத்தில் அந்நகரில் நடைபெற்ற போட்டியில்தான். இறுதியாட்டம் சமனில் முடிய, மறு ஆட்டத்தில் பம்பாய் அணி தோற்றது. அடுத்த பருவத்திலும் கோப்பை ஹைதராபாத்திடமே தங்கியது.

வெறுங்காலும் பத்து கோல்களும்

தேசிய அணியின் பயிற்சியாளராக ரஹீம் பெற்ற முதல் பெரும் வெற்றி 1951-இன் ஆசியத் தங்கம். சைலேன் மன்னா தலைமையிலான அணி, இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா மூன்று கோல்கள் வித்தியாசத்தில் வென்று, இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 எனத் தோற்கடித்தது. அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் சாகு மேவாலால்.

மறு ஆண்டே அடி விழுந்தது. ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்ற கணக்கில் தோற்றது. இந்திய வீரர்களில் பலர் காலணி இன்றி ஆடினர். வட ஐரோப்பாவின் குளிரும் ஈரத்தரையும் அவர்களை நிலைகுலைய வைத்தன. காரணம் வெறுங்கால் மட்டுமல்ல என்பதே உண்மை. அந்நாளில் இந்திய உள்நாட்டுப் போட்டிகள் 70 நிமிடங்களே நடந்தன. உலகம் 90 நிமிடங்கள் ஆடிக்கொண்டிருந்தது. கடைசி இருபது நிமிடங்களுக்கான மூச்சு நம் வீரர்களிடம் இல்லை. இத்தோல்விக்குப் பின் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் காலணியைக் கட்டாயமாக்கியது. ரஹீமோ உடல்திறன் பயிற்சியிலும், ஆட்ட அமைப்பிலும் கவனத்தைத் திருப்பினார்.

அக்காலகட்டத்தில் ஹங்கேரி அணி உலகக் கால்பந்தையே புரட்டிப்போட்டுக் கொண்டிருந்தது. 1953-இல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று அந்த அணி வீழ்த்தியபோது, நடு முன்கள வீரர் எதிரணியின் கோல் எல்லையருகே நிற்காமல் நடுக்களத்துக்குப் பின்வாங்கி ஆடியது ஆங்கிலேயரைத் திகைக்க வைத்தது. அவரைப் பின்தொடர்வதா, இடத்திலேயே நிற்பதா என்று தடுப்பாட்டக்காரர் தடுமாறும் கணத்தில் மற்றவர்கள் உள்ளே பாய்ந்துவிடுவர். இந்த முறையை இந்தியாவில் நிலைநிறுத்தியவர் ரஹீம். ஐரோப்பாவில் தங்கிப் பயிலும் வாய்ப்போ, தொலைக்காட்சியில் ஆட்டங்களைக் காணும் வசதியோ இல்லாத காலத்தில் ஹைதராபாத்தின் ஓர் ஆசிரியர் இதைச் செய்தார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அதன் பலன் 1956-இல் மெல்போர்னில் தெரிந்தது. முதல் சுற்றில் இந்தியா எதிர்கொள்ள வேண்டியிருந்த ஹங்கேரி விலகிக்கொண்டதால், இந்தியா நேரே காலிறுதிக்கு முன்னேறியது. அங்கே போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசுவாமி ஒன்று சேர்த்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு இந்தியா. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலை அடித்ததும் டிசோசாவே. பின்னர் நான்கு கோல்களை வாங்கி இந்தியா தோற்றது; வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 என வீழ்ந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல் வாங்கிய அதே எதிரணியிடம் முன்னிலை பெற்றிருந்த அந்தச் சில நிமிடங்கள், பதக்கப் பட்டியலில் இடம்பெறாத ஒரு பெருமை.

அந்த அணியில் கோழிக்கோட்டின் டி.ஏ. ரஹ்மான், ஒற்றப்பாலத்தில் பிறந்த கோல்காப்பாளர் எஸ்.எஸ். நாராயணன், பீட்டர் தங்கராஜ் எனத் தென்னகத்தவர் பலர் இருந்தனர். அவர்களுள் துளசிதாஸ் பலராமின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். உள்ளூர் ஆட்டம் ஒன்றில் அவரைக் கண்ட ரஹீம், பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். ஹைதராபாத் வரை தினமும் வந்துபோகப் பணமில்லை என்று அந்த இளைஞர் தயங்கியபோது, வாடகை சைக்கிளுக்கான தொகையை ரஹீமே கொடுத்து வரவழைத்தார். பின்னாளில் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி ஆகியோருடன் பலராம் இணைந்த முன்கள மும்மூர்த்தி, இந்தியா கண்டவற்றுள் தலைசிறந்தது என்று இன்றும் மதிக்கப்படுகிறது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் முடிவுகள் பதக்கத்தைத் தரவில்லை; ஆட்டம் மதிப்பைத் தந்தது. வலிமை மிக்க ஹங்கேரியிடம் 1-2 என்று மட்டுமே தோற்ற இந்தியா, பிரான்ஸுடன் 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 1-3 எனத் தோற்று வெளியேறியது. அதற்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை.

ஜகார்த்தாவின் பகைக் கூட்டம்

1962 ஆசிய விளையாட்டுக்கு அணி புறப்பட்டபோது ரஹீமின் உடல்நிலை ஏற்கெனவே சீர்குலையத் தொடங்கியிருந்தது. அவர் ஓயாது புகைப்பவர். நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்ற ஆட்டத்தில், தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடும்படி ஆயிற்று. ஜப்பானை 2-0 என வீழ்த்தி அரையிறுதிக்கு வந்த அணியில் ரஹீம் செய்த மாற்றம் துணிச்சலானது. காயத்தோடிருந்த ஜர்னைலைத் தடுப்பாட்டத்திலிருந்து எடுத்து நடு முன்களத்தில் நிறுத்தினார். கல்லூரி நாட்களில் அவர் முன்களத்தில் ஆடியவர் என்பது ஆசிரியரின் நினைவில் இருந்தது. தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் ஜர்னைல் கோலடித்தார். இந்தியா 3-2 என வென்றது.

இதற்கிடையே களத்துக்கு வெளியே வேறொரு புயல் எழுந்திருந்தது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா நுழைவு அனுமதி மறுத்ததை எதிர்த்து, ஆசிய விளையாட்டின் நிறுவனர்களுள் ஒருவரான இந்தியர் ஜி.டி. சோந்தி குரல் எழுப்பினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதன் விலையை வீரர்கள் கொடுக்க நேர்ந்தது. ஜகார்த்தாவில் இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. அணியின் பேருந்தில் வீரர்கள் தலை தெரியாதபடி குனிந்து பயணித்தனர்.

இறுதியாட்டத்துக்கு முந்தைய இரவு உறக்கம் வராமல் தவித்த வீரர்களிடம் ரஹீம் ஒரே ஒரு பரிசு கேட்டதாகவும், அது நாளைய தங்கம் என்றும் அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். செப்டம்பர் 4 அன்று செனாயன் மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். ஆதரவுக் குரல் எழுப்பிய சிலருள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் இருந்தனர். காய்ச்சலிலிருந்து மீண்ட தங்கராஜ் கோல் காத்தார். தடுப்பாட்டத்தில் இரிஞ்ஞாலக்குடாவின் ஓ. சந்திரசேகரன் நின்றார். 17-ஆவது நிமிடத்தில் பானர்ஜியும், 20-ஆவது நிமிடத்தில் தலையில் கட்டுடன் ஜர்னைலும் கோலடித்தனர். முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அதே தென்கொரியா, இறுதி நிமிடங்களில் ஒன்றைத் திருப்பியது. அதற்கு மேல் அதனால் முடியவில்லை.

சுனி கோஸ்வாமி பதக்கம் பெற்ற அந்நாளிலிருந்து ஒன்பது மாதங்களே ரஹீம் வாழ்ந்தார். 1963 ஜூன் 11-ஆம் தேதி, 53-ஆம் வயதில், ஹைதராபாத்தில் காலமானார்.

அரசு விருதுகளுக்கு அவர் காலம் முந்தியது. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதே 1985-இல்தான் தொடங்கியது. 2024-இல் வெளியான மைதான் என்ற இந்தித் திரைப்படம் அவர் பெயரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகம் செய்தது; அதுவரை, கால்பந்து வரலாற்றில் ஆர்வமுள்ளோர் மட்டுமே அவரை அறிந்திருந்தனர். அவருடைய மகன் சையத் ஷாகித் ஹக்கீம், ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்று, பின்னர் பயிற்சியாளராகவும் சர்வதேச நடுவராகவும் பணியாற்றி 2021-இல் மறைந்தார்.

ரஹீமிடம் பயின்ற ஆட்டக்காரர்கள் பலர் பயிற்சியாளர்களாயினர். ரோம் அணியில் இருந்த தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜ், 1973-இல் கேரள அணிக்குப் பயிற்சியளித்தார். எர்ணாகுளத்தில் நடந்த இறுதியாட்டத்தில் அணித்தலைவர் மணி மூன்று கோல்கள் அடிக்க, ரயில்வேயை 3-2 என வென்று கேரளம் தன் முதல் சந்தோஷ் கோப்பையைக் கையில் ஏந்தியது.