பிரசவ வலியைப் பொறுத்துத்தான் ஆகணுமா? 1847-ல் கேள்வி கேட்ட டாக்டர்... யார் இந்த ஜேம்ஸ் சிம்ப்சன்?

1847 நவம்பர் மாதம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்து மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அவருக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்தில் மூன்று நாள் துடித்தும் குழந்தை வரவில்லை. கடைசியில் தாயைக் காப்பாற்ற, வயிற்றுக்குள்ளேயே சிசுவின் தலையைத் துளைத்துத்தான் எடுத்தார்கள். சிசேரியன் செய்தால் தாய் பிழைப்பதே அபூர்வம் என்ற காலம் அது.

இந்த முறை பக்கத்தில் இருந்தவர் டாக்டர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன். ஒரு கைக்குட்டையைப் புனல் மாதிரி சுருட்டி, அதில் அரை டீஸ்பூன் குளோரோஃபார்ம் விட்டு, அந்தப் பெண்ணின் மூக்கையும் வாயையும் மூடினாற்போல் பிடித்தார். சுமார் 25 நிமிடத்தில் குழந்தை பிறந்துவிட்டது. கண் விழித்த தாய், தூங்கினதால வலி நின்னுபோச்சு, இனிமேல்தான் பிரசவம் ஆகணும் என்று நினைத்துக்கொண்டாராம். பக்கத்து அறையிலிருந்து குழந்தையைத் தூக்கி வந்து காட்டியும், அது தன் குழந்தைதான் என்று அவர் லேசில் நம்பவில்லை.

பேக்கரிக்காரர் மகன்

சிம்ப்சன் 1811-ல் பாத்கேட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பேக்கரி நடத்தியவர், இவர் ஏழாவது மகன். ஒன்பது வயதிலேயே அம்மாவை இழந்தார். 14 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார்.

மாணவராக இருந்தபோது, மயக்க மருந்தே இல்லாமல் ஒரு பெண்ணுக்கு மார்பக அறுவை சிகிச்சை நடப்பதைப் பார்த்தார். ஆடிப்போய்விட்டார். டாக்டர் படிப்பே வேண்டாம், கோர்ட்டில் குமாஸ்தா வேலைக்குப் போய்விடலாம் என்று கிளம்பினார் என்பார்கள். ஆனா திரும்பி வந்தார். 1840-ல், வெறும் 28 வயதில், பிரசவ மருத்துவப் பேராசிரியர் ஆனார்.

சாப்பாட்டு மேஜையில் நடந்த சோதனை

1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்து காட்டினார்கள். செய்தி வந்த கொஞ்ச நாளிலேயே, 1847 ஜனவரியில், சிம்ப்சன் அதைப் பிரசவத்துக்குப் பயன்படுத்தினார். ஆனா ஈதரில் சிக்கல்கள் இருந்தன. மோசமான வாடை, இருமல், நிறைய மருந்தும் தேவைப்பட்டது.

வேறு மருந்து தேட ஆரம்பித்தார். எப்படி? இரவுச் சாப்பாடு முடிந்ததும் தானும் இரண்டு உதவி டாக்டர்களும் உட்கார்ந்து ஒவ்வொரு ரசாயனமாக முகர்ந்து பார்ப்பார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது! நவம்பர் 4-ம் தேதி இரவு குளோரோஃபார்மை முகர்ந்தார்கள். முதலில் ஒரே கலகலப்பு. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் தரையில் கிடந்தார்கள்.

அந்த மருந்தைச் சொல்லிக் கொடுத்தது லிவர்பூலைச் சேர்ந்த வேதியியலாளர் டேவிட் வால்டி. பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்து, இங்கேயே இறந்தவர். புகழ் முழுக்க சிம்ப்சனுக்குப் போனது. வால்டியின் பெயர் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

எதிர்ப்பு ஏன் வந்தது?

கை கால் வெட்டும்போது மயக்க மருந்து கொடுப்பதைப் பெரும்பாலோர் வரவேற்றார்கள். பிரசவம் என்று வந்ததும்தான் சண்டை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிரபல மகப்பேறு நிபுணராக இருந்த சார்லஸ் மெய்க்ஸ், பிரசவ வலி இயற்கையானது, அது நோய் அல்ல என்றார். வலியை வைத்துத்தான் பிரசவம் எப்படிப் போகிறது என்று டாக்டருக்குத் தெரியும், அதை மறைத்துவிட்டால் ஆபத்து என்பது அவர் வாதம்.

ஏவாள் வேதனையோடு பிள்ளை பெறுவாள் என்ற பைபிள் வசனத்தையும் சிலர் காட்டினார்கள். சிம்ப்சன் விடவில்லை. அந்த எபிரேயச் சொல்லுக்கு உழைப்பு என்றுதான் பொருள் என்று தனிப் பிரசுரமே போட்டார். ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் கடவுளே அவனை ஆழ்ந்து தூங்க வைத்தாரே என்றும் மடக்கினார். மத எதிர்ப்பு நாம் கேள்விப்படும் அளவுக்குப் பெரிதாக இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பெரிய எதிர்ப்பு சக டாக்டர்களிடமிருந்துதான் வந்தது.

அவர்கள் பயந்ததிலும் அர்த்தம் இருந்தது. 1848 ஜனவரியில், இங்கிலாந்தின் நியூகாசில் அருகே, கால்விரல் நகத்தை எடுக்க குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் இறந்துபோனாள். மயக்கம் தெளிய அவள் வாயில் ஊற்றிய பிராந்திதான் காரணம் என்று சிம்ப்சன் சாதித்தார். இந்த இடத்தில் அவர் பிடிவாதம் பிடித்தார் என்றே சொல்லணும். கைக்குட்டையில் ஊற்றிக் கொடுத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று யாருக்குத் தெரியும்?

அந்தக் கணக்கில் கவனமாக இருந்தவர் லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோ. காலரா தண்ணீரில் பரவுவதைக் கண்டுபிடித்தாரே, அவரேதான். 1853 ஏப்ரல் 7-ம் தேதி விக்டோரியா மகாராணியின் எட்டாவது பிரசவத்தில் 53 நிமிடம் குளோரோஃபார்ம் கொடுத்தது ஸ்னோதான், சிம்ப்சன் இல்லை. மகாராணிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், 1857-ல் அடுத்த பிரசவத்துக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார். ராணியே கேட்ட பிறகு, வசதியான வீட்டுப் பெண்கள் டாக்டர்களிடம் தயங்காமல் கேட்க ஆரம்பித்தார்கள்.

சிம்ப்சன் 1870 மே 6-ம் தேதி, 58 வயதில் இறந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய இடம் தர முன்வந்தும் குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். எடின்பரோவின் வாரிஸ்டன் கல்லறையில்தான் புதைத்தார்கள்.

குளோரோஃபார்ம் இதயத்தை நிறுத்திவிடும், கல்லீரலைக் கெடுக்கும் என்பது பிறகு உறுதியாகி, பிரசவ அறையை விட்டே அது போய்விட்டது. இன்றைக்கு வலி வேண்டாம் என்று கேட்கும் தாய்க்கு முதுகில் ஊசி வழியாக எபிடியூரல் கொடுக்கிறார்கள். ஆனா சிம்ப்சன் முழுசாகப் போய்விடவில்லை. ஆயுதம் போட்டு குழந்தையை எடுத்தாங்க என்று நம்ம வீடுகளில் சொல்வோமே, அந்த ஃபோர்செப்ஸ் கருவியில் ஒரு வகைக்கு இன்னும் அவர் பெயர்தான்.