விதியைத் தளர்த்திய அறிவு

கணித உலகில் தமிழகத்தின் பெயரை நிலைநிறுத்தியவர் சீனிவாச இராமானுஜன். அவர் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை சீனிவாசன் துணிக்கடை ஒன்றில் கணக்கர். அவர்தம் மாத வருவாய் ஏறத்தாழ 20 ரூபாய். அதனைக்கொண்டு குடும்பத்தை நடத்துதல் அரிதாக இருந்தமையால், தாய் கோமளத்தம்மாள் மாணவர் சிலருக்கு வீட்டில் உணவும் இடமும் அளித்துப் பொருள் ஈட்டினார்.

பெற்றதும் இழந்ததும்

கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்ற இராமானுஜன், பல பரிசுகளைப் பெற்றார். கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று 1903இல் அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் கொண்ட அந்நூல் அவரது உள்ளத்தை முழுவதும் ஆட்கொண்டது. 1904இல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அத்தொகை இல்லையேல் அக்குடும்பத்தால் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த இயலாது.

ஆயினும் கணிதம் தவிர்ந்த பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறாமையால் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. தாய் கல்லூரி முதல்வரை நேரில் கண்டு முறையிட்டார். மகனின் கணிதத் திறனை எடுத்துக் கூறியும் பயனில்லை. விதி அனைவருக்கும் பொது என்ற நிலையில் முதல்வர் உறுதியாக இருந்தார். மனம் நொந்த இராமானுஜன் 1905இல் எவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார்.

மறு ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் நோயும் உடலியல் பாடமும் தடையாயின. எஃப்.ஏ. தேர்வில் கணிதத்தில் சிறந்தும் ஏனைய பாடங்களில் தவறினார். அத்துடன் கல்லூரிக் கல்வி முடிவுற்றது. பட்டமும் இல்லை, பணியும் இல்லை. தாள் வாங்கப் பொருளின்மையால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவந்தார்.

உதவிய கரங்கள்

1909இல் ஜானகியை மணந்தபின் வேலை தேடும் கட்டாயம் மிகுந்தது. 1910இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த இராமசாமியைச் சந்தித்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த அவர், குறிப்பேட்டின் அருமையை உணர்ந்து பரிந்துரைக் கடிதங்கள் வழங்கினார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திரராவ் மாதந்தோறும் 25 ரூபாய் அளித்து ஆதரித்தார். பிறர் பொருளில் நெடுநாள் வாழ விரும்பாத இராமானுஜன், 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதியனுப்பினார். ஹார்டி அவற்றின் ஆழத்தைக் கண்டு வியந்தார். வானிலை ஆய்வுத்துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். ஆனால், ஆய்வு உதவித்தொகை பெறுவதற்குரிய பட்டம் இராமானுஜனிடம் இல்லை. பல்கலைக்கழக ஆட்சிக்குழு இதனை விவாதித்தது. ஆய்வை வளர்ப்பதே பல்கலைக்கழகத்தின் கடமை என்னும் கருத்து வென்றது. விதி தளர்ந்தது; மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கப்பட்டது. மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை அளித்தல் வேண்டும் என்பதே அதற்குரிய கட்டுப்பாடு. மதிப்பெண் மறுத்ததை அவர் செய்த பணி பெற்றுத்தந்தது.

கடல் கடந்த புகழ்

1914இல் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் பயணச் செலவும் அளித்து அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. டிரினிட்டி கல்லூரியும் 60 பவுன் வழங்கியது. இளமையில் எட்டாத பட்டத்தை 1916இல் தம் ஆய்வின் வழியே கேம்பிரிட்ஜில் பெற்றார். 1918இல் இலண்டன் அரசு கழகம் அவரை உறுப்பினராக்கியது. டிரினிட்டி கல்லூரியும் ஆய்வாளர் தகுதி அளித்துச் சிறப்பித்தது.

போர்க்காலத்தின் உணவுத் தட்டுப்பாடும் கடுங்குளிரும் அவர் உடல்நலத்தைக் குலைத்தன. தாயகம் திரும்பும் காலத்தில், ஆண்டுக்கு 250 பவுன் தொடர்ந்து வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது. நோயுற்ற நிலையிலும் இராமானுஜன் 1919 ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுதோறும் 50 பவுன் அளித்து, இன்றியமையாச் செலவு போக எஞ்சும் தொகையைக் கல்விப் பணிக்குப் பயன்படுத்துமாறு அதில் வேண்டினார். ஏழை மாணவர், ஆதரவற்ற சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வழங்கவும் அத்தொகை உதவ வேண்டும் என்பது அவர் விருப்பம்.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் தமது 32ஆம் அகவையில் இராமானுஜன் மறைந்தார். கட்டணம் செலுத்த இயலாமல் கல்லூரியை விட்டு நீங்கிய அம்மாணவர், தமக்கு நேர்ந்த இடர் பிறருக்கு நேராதிருக்க எண்ணினார். அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளைப் போலவே அவ்வெண்ணமும் போற்றத்தக்கது.