சொன்ன சொல் தவறாத சுவார்ட்ஸ் ஐயர்



நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனிடம், நன்றாக வாசித்துக் காட்டினால் கதைப் புத்தகம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். பையன் தேறிவிட்டான். நானோ மறந்தே போனேன். அவன் வாய் திறந்து கேட்கவில்லை. காலையில் நான் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது நினைவுக்கு வந்தவர்தான் சுவார்ட்ஸ் ஐயர். அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

கிறிஸ்டியான் பிரீட்ரிக் சுவார்ட்ஸ் 1726-ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். ஹால்லே நகரில் படிக்கும்போதே தமிழ் கற்கத் தொடங்கினார். 1750-இல் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தார். வந்து சில மாதங்களுக்குள் தமிழிலேயே பிரசங்கம் செய்தார். பிறகு பாரசீகம், மராத்தி, இந்துஸ்தானி என்று ஒவ்வொரு மொழியாகக் கற்றுக்கொண்டார். பேச வேண்டியவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேச வேண்டும் என்பது அவர் எண்ணம்.

தரங்கம்பாடி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என்று 48 ஆண்டுகள் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த ஊருக்குத் திரும்பவுமில்லை. எளிய சாப்பாடு, சின்ன அறை. கையில் வந்த பணம் கோயிலுக்கும் பள்ளிக்கும் ஏழைகளுக்கும் போயிற்று.

ஒருமுறை நாட்டியப் பெண் ஒருத்தியிடம், தீய வழியில் நடப்பவர்கள் மோட்சம் சேர முடியாது என்று ஐயர் எடுத்துச் சொன்னாராம். அப்படியென்றால் வெள்ளைக்காரர்களில் அநேகமாக ஒருவரும் அங்கே போய்ச் சேரமாட்டார்களே என்று அந்தப் பெண் வருத்தத்தோடு பதில் சொன்னாளாம். பாருங்கள்! வேதத்தைக் கையில் வைத்திருந்தவர்களின் நடத்தையே அந்த வேதத்துக்குத் தடையாக நின்றது. போதனை சரியாக இருந்தால் மட்டும் போதாது, போதிக்கிறவனும் சரியாக இருக்க வேண்டும் என்பதை ஐயர் நன்றாக அறிந்திருந்தார்.

1779-இல் சென்னை ஆங்கிலேய அரசு அவரைச் சமாதானத் தூதராக சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. மைசூரை ஆண்ட ஹைதர் அலி கும்பெனியாரின் பேச்சை நம்பவில்லை. ஐயரை மட்டும் நம்பினார். புறப்படும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. கும்பெனியாரிடம் ஒப்படைக்கப் பார்த்தார். அவர்கள் வாங்க மறுத்ததும், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதை முதலாக்கினார். தூது பலிக்கவில்லை. 1780-இல் போர் மூண்டது. ஆனாலும் ஐயர் எங்கே போனாலும் தடுக்கக் கூடாது என்று ஹைதர் தம் படைக்கு உத்தரவிட்டார். எதிரியின் நாட்டிலும் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது.

போரினால் தஞ்சைக் கோட்டையில் பஞ்சம் வந்தது. தெருவிலே மக்கள் செத்து விழுந்தார்கள். கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் ஏற்றிவர மாடு கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி கிடைக்கவில்லை. அதனால் ராஜா கேட்டும் நடக்கவில்லை, ஆங்கிலேயர் கேட்டும் நடக்கவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் ஐயர் தம் பெயரால் கடிதம் எழுதினார். கூலிக்கு நானே பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். இரண்டே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. சொன்னபடி கூலியையும் கொடுத்துத் தீர்த்தார்.

பிறகு ஒரு சமயம், அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊரைவிட்டே ஓடிப்போனார்கள். திரும்பி வாருங்கள், நியாயம் கிடைக்கும் என்று ஐயர் சொன்னார். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்கள். பாடுபட்டவன் கூலி அவன் கைக்கு வர வேண்டும் என்பதன் அருமை நம் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

ஐயரிடமும் தவறு நேர்ந்ததுண்டு. 1787-இல் தஞ்சை மன்னர் துளஜா, தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை ஐயர் பொறுப்பில் விட விரும்பினார். ஐயர் தயங்கி, மன்னரின் தம்பி அமர்சிங் பார்த்துக்கொள்வதே நல்லது என்றார். ஆனால் அமர்சிங் அரசரானதும், பையனைப் படிக்கக்கூட விடாமல் அடைத்து வைத்தார். ஐயர் சும்மா இருக்கவில்லை. பையனின் படிப்புக்கு ஏற்பாடு செய்தார். 1793-இல் அவனைப் பாதுகாப்பாகச் சென்னைக்கு அனுப்பச் செய்தார். அரியணை உரிமை அவனுக்கே என்று கும்பெனியாரிடம் எழுதி எழுதி வாதாடினார். தன் யோசனையால் விளைந்த துன்பத்தைத் தானே முன்நின்று திருத்தினார். எத்தனை பெரியவர்களுக்கு இந்த மனம் வரும், சொல்லுங்கள்!

1798 பிப்ரவரி 13-ஆம் நாள் ஐயர் தஞ்சையில் கண்மூடினார். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்து சரபோஜி கண்ணீர் வடித்தார். அதே ஆண்டில் அரியணை ஏறினார். பின்னாளில் சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கிப் புகழ்பெற்ற மன்னர் இவர்தான். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஆனாலும் தம் குருவுக்காகத் தஞ்சைக் கோயிலிலே பளிங்கு நினைவுச்சின்னம் எழுப்பினார். சாகும் நிலையில் இருக்கும் ஐயரின் கையை மன்னர் பற்றியிருப்பதுபோல் அதில் செதுக்கியிருக்கிறார்கள்.

பெற்றோர்களே, நாம் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, பிள்ளைகள் நம் வாயைப் பார்ப்பதில்லை. நம் கையைத்தான் பார்க்கிறார்கள். பொய் சொல்லாதே என்று கரும்பலகையில் எழுதும் ஆசிரியனும், குடிக்காதே என்று மகனிடம் சொல்லும் தகப்பனும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பையனுக்கு மறுநாளே புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். மறந்தது என் தப்பு என்று வகுப்பின் முன்னே சொல்லித்தான் கொடுத்தேன். இன்று பரிசு வாங்கப்போகும் செல்வங்களே, நீங்களும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் மனிதர்களாக வளருங்கள். வாழ்க, வளர்க!