நாணல் குழாயும் தாத்தாவின் மூச்சும்

சென்ற ஆண்டு என் தாத்தா நிமோனியா கண்டு தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வாய்வழியே மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய். மறுமுனையில் சுவாசக் கருவி. 'மிஷின்' நின்றால் மூச்சும் நின்றுவிடுமா என்று பாட்டி என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டார். உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கிற பேரனுக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை. எனக்கோ சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்தபோதுதான் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ் எனக்கு அறிமுகமானார்.

1514ஆம் ஆண்டின் கடைசி நாளில் பிரசெல்ஸ் நகரில் பிறந்தவர் அவர். போரினால் பாரிஸ் படிப்பை விட்டு லூவன் திரும்பியபோது, ஊருக்கு வெளியே தூக்குமரத்தில் கிடந்த எலும்புக்கூட்டை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து ஆராய்ந்தார். (என் அம்மாவாக இருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்!)

அக்காலத்தில் மருத்துவம் என்றால் கேலன்தான். 1,300 ஆண்டுகளுக்கு முந்திய அந்தக் கிரேக்க மருத்துவர் எழுதியதைப் பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து வாசிப்பார். கீழே வேறொருவர் உடலை அறுப்பார். 1537 டிசம்பரில் பாதுவா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற மறுநாளே அங்கு ஆசிரியராக நியமிக்கப்பட்ட வெசாலியஸ், கத்தியைத் தம் கையிலேயே எடுத்தார். அப்போது அவருக்கு வயது 22. என்னைவிட இரண்டே வயது மூத்தவர். கேலன் பெரும்பாலும் குரங்கு, பன்றி போன்ற விலங்குகளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்பது அவருக்குப் புலப்பட்டது. மனிதக் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்றார் கேலன். ஒன்றே என்றார் வெசாலியஸ். 1543இல் மனித உடலின் கட்டமைப்பு பற்றிய அவரது பெரு நூல் பாசல் நகரில் அச்சானது. பாரிஸில் அவருக்குப் பாடம் நடத்திய சில்வியஸே அவரைப் பைத்தியக்காரராக்கி ஒரு நூல் எழுதிச் சாடினார்.

எனக்கு வேண்டியது அந்நூலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தது. விலங்கின் மார்பைத் திறந்ததும் நுரையீரல் சுருங்கி, இதயம் தளரும். வெசாலியஸ் அதன் மூச்சுக்குழாயில் துளையிட்டு, நாணல் குழாயைச் செருகி ஊதினார். நுரையீரல் எழும்பியது, இதயம் மீண்டும் வலுவாகத் துடித்தது. மயக்க மருந்து இல்லாத காலம். அந்த விலங்கை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

நாம் மூச்சு விடும்போது உதரவிதானம் கீழிறங்கி, மார்பு விரிந்து, உள்ளே அழுத்தம் குறைவதால் காற்று தானாக நுழைகிறது. சுவாசக் கருவி இதற்கு நேர்மாறு: காற்றை உள்ளே தள்ளுகிறது. வெளிமூச்சுக்குத் தள்ள வேண்டியதில்லை. நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும். ஆனால் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதிருக்க, சிறிது அழுத்தத்தைக் கருவி விட்டுவைக்கிறது. அது நோயைக் குணப்படுத்துவதில்லை. மருந்து வேலை செய்யும்வரை அவகாசம் தருகிறது.

நாணல் குழாயை மருத்துவ உலகம் பல நூறு ஆண்டுகள் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 1952இல் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மருத்துவர் பியோர்ன் இப்சன் நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக ரப்பர் பையைக் கையால் அமுக்கி அவர்களுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். அதன் பிறகே இன்றைய கருவிகள் வேகமாக வளர்ந்தன.

வெசாலியஸ் இதில் எதையும் காணவில்லை. நூல் வெளிவந்ததும் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸின் அரண்மனை மருத்துவரானார். பெரிய ஆராய்ச்சி அத்துடன் நின்றது. எனக்கு இதில் வருத்தமே. 1564இல் எருசலேம் யாத்திரை முடிந்து திரும்பும் வழியில், கிரேக்கத் தீவான ஸாக்கிந்தோஸில் இறந்தார். வயது 49.

பாட்டிக்கு விடை சொன்னேன்: கருவி நின்றால் அலாரம் அடிக்கும், தாதியர் உடனே கையால் பையை அமுக்குவார்கள். ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் தாத்தா முதலில் கேட்டது, கோப்பி.