அவனீந்திரநாத தாகூர்

காவிரியில் வெள்ளம் வடிந்தபின் மோகனூர்க் கரையில் ஒதுங்கும் வேரும் கட்டையும் பெரும்பாலும் அடுப்புக்கே இரையாகும். அத்தகைய கட்டைகளைத் தம் சுற்றமாகக் கொண்டாடிய ஓவியர் ஒருவர் வங்கநாட்டில் வாழ்ந்தார். அவரே அவனீந்திரநாத தாகூர்.

கல்கத்தாவில் 1871-ஆம் ஆண்டு பிறந்த இவர், கவிஞர் இரவீந்திரநாதருக்கு மகன் முறையாவார். 1905-இல் பாரதமாதாவின் திருவுருவைத் தீட்டிப் பெரும்புகழ் எய்தினார். சென்னைக் கடற்கரையில் விளங்கும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவிபிரசாத் இராய் சௌதுரி இவர்தம் மாணாக்கரே.

முதுமையில் இவர் தூரிகையைப் பெரிதும் ஒதுக்கி, பிறர் கழித்த பொருள்களை நாடினார். உதிர்ந்த சுள்ளி, பட்ட வேர், உடைந்த மரத்துண்டு ஆகியவற்றைத் தேடித் தொகுத்தார். உளிகொண்டு செதுக்கி அவற்றை உருமாற்ற விரும்பினாரல்லர். வளைந்த கிளையொன்றில் பறவையின் கழுத்து முன்னரே மறைந்திருக்கும். அது புலப்படுமளவும் திருப்பித் திருப்பிப் பார்த்தலே இவர்தம் பெருந்தொழில். பின்னர்ச் சிறிதே நறுக்குவார். வேண்டுமாயின் மற்றொரு துண்டை இணைப்பார். இவ்வுருவங்களுக்குக் ‘குட்டும் காட்டாம்’ எனப் பெயரிட்டார். ‘குட்டும்’ என்பது வங்கமொழியில் உறவினரைக் குறிக்கும் சொல்.

இராமகதையைக் கூத்தாக எழுதியபோதும், நாளிதழ்த் துணுக்குகளையும் விளம்பரப் படங்களையும் வெட்டிக் கையெழுத்துப் படியில் ஒட்டினார். இதனை முதியவரின் பொழுதுபோக்கு என்று தள்ளலாகாது. வெறுந்தாளில் உருவை வரைவதினும், கிடந்த பொருளில் உருவைக் கண்டெடுத்தல் எளிதன்று. அவனீந்திரர் 1951-ஆம் ஆண்டு மறைந்தார்.