மதமும் மாறவில்லை, தொகுதியும் மாறவில்லை

மலாயாவின் ஈப்போவில் 1898 இல் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்த சா.ஜே.வே. செல்வநாயகம் ஒரு கிறிஸ்தவர். அவர் போட்டியிட்ட காங்கேசன்துறையோ மாவிட்டபுரம், கீரிமலைக் கோயில்கள் அமைந்த, சைவர்கள் பெரும்பான்மையாக வாழும் தொகுதி. 1947 இல் அங்கு வென்றார். 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1952 தேர்தலில் அவருடைய மதமே அவருக்கு எதிரான பிரசாரமானது, சு. நடேசபிள்ளையிடம் தோற்றார். வாக்குக்காக அவர் மதம் மாறவில்லை. தொகுதியை விட்டும் ஓடவில்லை. 1956 இல் அதே மக்கள் அவரைத் தெரிவுசெய்தார்கள். 1975 இடைத்தேர்தல் வரை அந்த நம்பிக்கை நீடித்தது.

1977 ஏப்ரல் 26 அன்று காலமானார். கிறிஸ்தவராகவே வாழ்ந்த அவரது உடல், சைவர்களின் வழக்கப்படி தகனம் செய்யப்பட்டது. வேட்பாளரின் மதத்தைப் பார்த்து வாக்களிக்கச் சொல்பவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 1956 இலேயே காங்கேசன்துறை அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டது.