கண்ணிழந்தும் கண்டவர் – ஸ்ரீ கூரத்தாழ்வான் வைபவம்

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் என்னும் கிராமத்தில், தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் அவதரித்தவர் ஸ்ரீவத்ஸாங்கர் என்னும் கூரத்தாழ்வான். பெருஞ்செல்வத்தைத் துறந்து, தேவியார் ஆண்டாளுடன் ஸ்ரீரங்கம் வந்து, 1017-இல் அவதரித்த உடையவரின் திருவடி நிழலில் வாழ்ந்தார்.

உடையவர் ஸ்ரீபாஷ்யம் அருளியபோது அதனை ஏட்டில் எழுதியவர் ஆழ்வானே. அறிவுடைமையே ஆத்ம ஸ்வரூபம் என்று உடையவர் ஸாதித்த இடத்தில் ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. ஆசார்யன் சீறியும் அவர் எழுதவில்லை. அறிவது மட்டுமன்று, எம்பெருமானுக்கே உரியதாயிருத்தலே ஆத்மாவின் முதல் லக்ஷணம் என்பது அவர் துணிபு. பின்னர் உடையவரும் அதனை உகந்து ஏற்றருளினார்.

அத்துணிபுக்குச் சோதனை வந்தது. சோழ மன்னனால் உடையவருக்கு நேரவிருந்த ஆபத்தை, அவருடைய காஷாயத்தைத் தாம் தரித்துச் சென்று ஏற்றார், கண்களை இழந்தார்.

ஆத்மாவின் ஞானம் விளக்கொளி போன்றது. கண் அவ்வொளி புறப்படும் வாயில் மாத்திரமே என்பது நம் ஸித்தாந்தம். வாயில் அடைபட்ட பின்பும், திருமாலிருஞ்சோலை அழகரை ஸுந்தரபாஹு ஸ்தவத்தால் ஆழ்வான் அனுபவித்தார்.

காஞ்சியில் வரதன் திருமுன்பே வரம் பெறும் வேளையில் அவர் பார்வையைக் கேட்கவில்லை. தமக்குத் தீங்கிழைத்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேற்றையே அருளுமாறு வேண்டினார். சேதனமும் அசேதனமுமான உலகனைத்தும் எம்பெருமானுக்குத் திருமேனியாயின், நாலூரானும் அதில் ஓர் அங்கமன்றோ!

திருவிழாக் கூட்டத்தில் ஒரு கணமே பெருமாளை ஸேவிக்கப் பெறும் பக்தர்காள்! நெருக்கி நிற்பவரையும் அத்திருமேனியாகவே காணும் பார்வையை ஆழ்வான் திருவடிகளில் வேண்டி நிற்போமாக.